கசேருக் கோரையும் குளத்தின் விளிம்பும்

கோரை என்றதும் தமிழ் வாசகர்க்குப் பாய் நினைவுக்கு வரும்; உழவருக்குக் களை நினைவுக்கு வரும். உணவு நினைவுக்கு வருவது அரிது. காவிரிக் கரையில் கரூர், நாமக்கல் வட்டாரங்களில் பாய் முடைவதற்கென்றே கோரை பயிரிடப்படுகிறது. ஆயினும் கோரையின் தாள் மட்டுமே அங்கே விளைபொருள். மண்ணுக்குள் இருப்பது வேர் என்ற அளவில் நின்றுவிடுகிறது. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் வங்கத்திலும் நிலைமை வேறு. மழைக்காலம் முடிந்து குளங்கள் வற்றத் தொடங்கியபின், அங்குள்ள சிறு சந்தைகளில் கருமை கலந்த பழுப்பு நிறத்தில், மேலே மயிர் படர்ந்த, பாக்கு அளவுள்ள ஒரு கிழங்கு கூடைகளில் விற்பனைக்கு வரும். தோலை உரித்தால் உள்ளே வெண்மை, கடித்தால் நொறுங்கும், மெல்லிய இனிப்பு. இந்தியில் அதன் பெயர் கசேரு, வங்கத்தில் கேசுர். அது ஒரு கோரையின் கிழங்கு.

இந்தக் கோரையைப் பயிராகக் கருதி ஆராயும் வழக்கம் இந்திய வேளாண் கல்வியில் ஏறத்தாழ இல்லை. அந்த இல்லாமை தற்செயலானதன்று என்பதும், அதை நிரப்ப முற்படும்போது ஆய்வுலகம் வழக்கமான பாதையில் சென்றால் கிழங்கு பிழைத்தாலும் கிழங்கெடுப்போர் பிழைக்கமாட்டார்கள் என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளவேண்டும். சிங்காடா என்று வட இந்தியர் விரும்பி உண்பது டிராபா என்னும் மிதவைச் செடியின் கொம்புள்ள காய். சீன உணவகங்களில் டின்னிலிருந்து எடுத்து வெட்டிப் போடப்படும் வெள்ளைத் துண்டுகள் எலியோகாரிஸ் டல்சிஸ் என்னும் கோரையின் கிழங்கு. இவ்விரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர்தான் வழங்குகிறது. கசேரு மூன்றாவது: ஆக்டினோஸ்கிர்பஸ் குரோசஸ். சிங்காடாவுக்கும் கசேருவுக்கும் தாவரவியல் உறவு ஏதுமில்லை. சீனக் கிழங்குக்கும் கசேருவுக்கும் குடும்பம் ஒன்று, பேரினம் வேறு. ஆனால் இணையத்தில் கசேருவைப் பற்றி எழுதுவோர் சிங்காடாவின் சத்துப் பட்டியலையும் சீனக் கிழங்கின் சாகுபடி முறையையும் தயக்கமின்றி அதற்குச் சூட்டிவிடுகிறார்கள். முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளிலும் இந்தக் கலப்படம் நுழைவதைக் காண இயலும். உலர்மாதிரி எண் இல்லாமல் ஒரு கோரையைப் பற்றி எழுதப்படும் எந்தத் தரவையும் ஐயத்துடன் அணுகுவதே முறை.

பெயரின் வரலாறு சுவையானது. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் இதற்கு ஸ்கிர்பஸ் கைசூர் என்று பெயரிட்டார். அவர் மறைவுக்குப்பின் 1820-இல் அச்சான 'பிளோரா இண்டிகா'வில் அப்பெயர் இடம்பெற்றது. கைசூர் என்பது கேசுர் என்னும் ஊர்ச்சொல்லின் லத்தீன் வேடம். 1991-இல் இச்செடி ஆக்டினோஸ்கிர்பஸ் என்னும் தனிப் பேரினத்துக்கு மாற்றப்பட்டபோது, முன்னரே சூட்டப்பட்டிருந்த குரோசஸ் என்னும் அடைமொழியே நிலைத்தது. கைசூர் இணைப்பெயராகச் சுருங்கியது. பெயரிடல் விதிகளின்படி இது சரிதான். ஆயினும் உண்பவரின் சொல் அறிவியல் பெயருக்குள் இடம்பெற்றிருந்த அரிய நிகழ்வுகளுள் ஒன்று அத்துடன் மங்கிப்போனது. ஆயுர்வேத நூல்களில் கசேருக என்ற சொல் தொடர்ந்து வருகிறது. பாவப்பிரகாச நிகண்டு இதைப் பெரியது, சிறியது என்று இருவகையாகப் பிரித்து, பெரியதை ராஜகசேருக என்கிறது. சிறியதைக் கோரைக்கிழங்கின் வடிவுடையது என்கிறது. கிழங்கின் அளவை வைத்துத் தரம் பிரிக்கும் கண் அந்த நூலாசிரியருக்கு இருந்திருக்கிறது என்றால், குளக்கரையில் கிழங்கெடுத்தவர்களுக்கும் அது இருந்திருக்கவேண்டும்.

செடியின் இயல்புக்கு வருவோம். கசேரு ஆள் உயரத்துக்கு எழும் வலிய கோரை. தாள் முக்கோண வடிவானது. விரல்களுக்கிடையே உருட்டினால் மூன்று விளிம்புகளும் தட்டுப்படும். மண்ணுக்கடியில் ஓடுதண்டுகள் பரவி, அவற்றின் நுனியில் கிழங்கு திரளும். விதையைவிடக் கிழங்கின் வழியாகவே ஊரார் இதைப் பெருக்குகிறார்கள். முதல் மழையோடு, முளைவிட்ட கிழங்கைச் சேற்றில் இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றினால் போதும். தொடக்கத்தில் நீர் தேங்கி நிற்கவேண்டியதில்லை. சேறு காயாமல் இருந்தால் போதுமானது. தாள்கள் ஒரு சாண் உயர்ந்தபின் நீரை ஏற்றலாம். முழங்காலுக்குமேல் ஆழமுள்ள நீரை இச்செடி விரும்புவதில்லை. முழு வெயிலை விரும்பும். மர நிழலில் தாள் நீளும், கிழங்கு சிறுக்கும்.

வளர்ப்பில் பெரும்பாலோர் தவறுவது உரத்திலும் காலத்திலும்தான். கோரைகள் பலவற்றில் பகல் சுருங்கும் பருவமே கிழங்கு திரள்வதற்கான குறிப்பு. சீனக் கிழங்கிலும் டைகர் நட் எனப்படும் சைபரஸ் எஸ்குலென்டஸ் கோரையிலும் இது நன்கு ஆராயப்பட்டது. கசேருவிலும் பருவமழைக்குப்பின் கிழங்கு பருப்பதைப் பார்த்தால் இதே குறிப்புக்கு அதுவும் செவிசாய்க்கிறது என்று கொள்ள இடமுண்டு. ஆகவே தழைச்சத்தை ஆடி, ஆவணியோடு நிறுத்திவிடவேண்டும். புரட்டாசிக்குப்பின் யூரியா இட்டால் பச்சைத் தாள் செழித்து, கிழங்கு ஏமாற்றும். தாள் மஞ்சளித்துச் சாயும்வரை வெட்டக்கூடாது. தாளிலுள்ள மாவுச்சத்து கிழங்குக்கு இறங்குவது அப்போதுதான். பின்னர் நீரை வடித்து, சேறு கைக்கு இளகும் பதத்தில் கிழங்கெடுக்கவேண்டும். மண்வெட்டியின் வெட்டு பட்ட கிழங்கு மூன்று நாளில் அழுகும். அதனாலேயே இவ்வேலை இன்றும் கையால் துழாவி எடுக்கும் வேலையாக இருக்கிறது.

மாடியில் வளர்க்க விரும்புவோர்க்கும் இது இயலாததன்று. ஓட்டையில்லாத அகன்ற தொட்டி, முக்கால் அடிக் களிமண், மேலே நான்கு விரல் நீர், கொசுப்புழுவைத் தின்னச் சில சிறு மீன்கள் ஆகியவை போதும். ஒரே எச்சரிக்கை, இச்செடியை வாய்க்காலிலோ அண்டை நெல்வயலிலோ தப்பவிடக்கூடாது. தென்கிழக்கு ஆசிய நெல்வயல்களில் இது கடுங்களை. அதன் மேல் கொள்ளும் பரிவு, குனிந்து களையெடுக்கும் பெண்களின் முதுகுவலியை மறக்கச் செய்துவிடக்கூடாது.

இந்த இடத்தில்தான் கல்விப்புலத்தின் கேள்வி எழுகிறது. இந்தியாவில் கிழங்குப் பயிர்களுக்கென 1963-இல் திருவனந்தபுரத்தில் ஒரு மத்திய நிறுவனம் தொடங்கப்பட்டது. மரவள்ளி, சர்க்கரைவள்ளி, வள்ளிக்கிழங்கு வகைகள், சேனை, சேம்பு ஆகியவை அதன் முதன்மைப் பயிர்கள். கோரைகளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. கோரைகள் இடம்பெறுவது ஜபல்பூரிலுள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகத்தின் பட்டியலில். ஒரு தாவரம் எந்த அலுவலகத்தின் கோப்பில் விழுகிறது என்பது அதைப் பற்றி எவ்வகைக் கேள்விகள் கேட்கப்படும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது. கசேருவின் உறவான சைபரஸ் ரொட்டண்டஸ், அதாவது நம் சாதாரணக் கோரைக்கிழங்கு, 1977-இல் ஹோமும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட உலகக் களைகள் பற்றிய பெருநூலில் முதலிடம் பெற்றது. அதன்பின் அக்கோரையைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பகுதி அதை எப்படிக் கொல்வது என்பதைப் பற்றியது. மூலிகைத் துறையினர் அதன் எண்ணெயை ஆராய்கிறார்கள். உண்பதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் தொல்லியலாளர்கள்.

அவர்கள் கண்டவை எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. எகிப்தில் அஸ்வானுக்கு அருகிலுள்ள வாடி குபானியாவில், ஏறத்தாழ 18,000 ஆண்டுகளுக்கு முந்தைய குடியிருப்பில், கரிந்த கோரைக்கிழங்குகள் பெருமளவில் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த தொல்தாவரவியலாளர் கார்டன் ஹில்மன் முன்வைத்த கருத்து, கோரையைப் பற்றிய எல்லாச் சாகுபடிக் கையேடுகளிலும் இடம்பெறவேண்டியது. முதிர்ந்த கிழங்கு கசந்து நார்பட்டுப்போகும். ஆண்டுதோறும் தோண்டப்படும் இடத்தில் இளங்கிழங்கு மீண்டும் மீண்டும் திரளும். தோண்டாமல் விட்ட இடத்தில் நிலத்தடி நெரிசலாகி விளைச்சல் சரியும். அதாவது அறுவடையே பராமரிப்பு. சூடானின் அல் கிதாய் அகழ்விடத்தில் கிடைத்த மனிதப் பற்காறையை ஆராய்ந்த குழு 2014-இல் வெளியிட்ட முடிவும், உழவு தொடங்குவதற்கு முன்னரும் தொடங்கிய பின்னரும் பல்லாயிரம் ஆண்டுகள் அதே கோரைக்கிழங்கு உண்ணப்பட்டதைக் காட்டுகிறது. களை என்று பெயரிடப்பட்ட தாவரம் வயல் தோன்றிய பிறகும் தட்டிலிருந்து இறங்கிவிடவில்லை.

ஹில்மன் கூறியது சைபரஸைப் பற்றி. கசேருவுக்கும் அது பொருந்துமா என்பது சோதித்தறியவேண்டியது. ஆனால் அறுவடையும் மேய்ச்சலும் ஓர் ஈரநிலத்தை எவ்வாறு தாங்கி நிற்கின்றன என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு கசப்பான பாடம் உண்டு. ராஜஸ்தானின் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் ஈரநிலம் 29 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அங்கே குளிர்காலத்தைக் கழித்த சைபீரியக் கொக்குகள் ஆழமற்ற நீரில் அலகை நுழைத்துக் கோரைகளின் கிழங்குகளைத் தோண்டி உண்டன. 1982 நவம்பரில் தேசியப் பூங்காவுக்குள் எருமை மேய்ச்சல் தடைசெய்யப்பட்டது. எதிர்த்த ஊரார்மீது போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு என்று கருதியவர்களுள் மதிப்புக்குரிய பறவையியலாளர்களும் இருந்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 தொடங்கிப் பத்தாண்டுகள் நடத்திய ஆய்வு அதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தது. எருமைகள் போனபின் பாஸ்பாலம் என்னும் நீர்ப்புல் தடையின்றிப் படர்ந்து திறந்த நீர்ப்பரப்பை மூடியது. மேய்ச்சலே அந்தப் புல்லைக் கட்டுக்குள் வைத்திருந்தது.

கொக்குகள் 2002-க்குப்பின் பரத்பூருக்கு வராமற்போனதற்கு இந்தப் புல்லே காரணம் என்று கூறுவது பிழை. அவற்றின் வலசைப்பாதை நெடுகிலும் நடந்த வேட்டை அதைவிடப் பெரிய காரணம். இங்குக் கருதத்தக்கது வேறொன்று: கிழங்குக் கோரைகள் வளரும் ஆழமற்ற நீர், யாரும் தொடாமல் விட்டால் தானாகவே நிலைத்திருக்கும் இயற்கை அன்று. எருமையோ கொக்கோ பன்றியோ மனிதக் கையோ அதை ஓயாமல் கிளறிக்கொண்டிருக்கவேண்டும். கிளறுவோரை வெளியேற்றிவிட்டு நிலத்தைக் காப்பாற்ற இயலும் என்ற நம்பிக்கைக்குப் பரத்பூரில் உயிர்விலை கொடுக்கப்பட்டது.

கசேரு வளரும் இடங்கள் தேசியப் பூங்காக்கள் அல்ல, ஊர்க்குளங்களின் விளிம்புகள். அங்கே அச்சுறுத்தல் வேறு உருவில் வருகிறது. 2022 ஏப்ரலில் தொடங்கப்பட்ட அமிர்த சரோவர் திட்டம் மாவட்டத்துக்கு 75 நீர்நிலைகளை உருவாக்கவோ சீரமைக்கவோ இலக்கு வைத்தது. ஒவ்வொன்றும் குறைந்தது ஓர் ஏக்கர் பரப்பும் 10,000 கன மீட்டர் கொள்ளளவும் உடையதாக இருக்கவேண்டும். கரையில் வேம்பு, அரசு, ஆல் நடவேண்டும் என்றும் கூறப்பட்டது. நீர்ப்பற்றாக்குறையுள்ள நாட்டில் இதைக் குறை கூறுவது எளிதன்று. பல ஊர்களில் தூர்ந்துபோன குளம் மீண்டதும் உண்மை. ஆனால் கொள்ளளவு கன மீட்டரில் அளக்கப்படும்போது ஒப்பந்தக்காரர் ஆழப்படுத்துவார், கரையைச் செங்குத்தாக்குவார். சரிவாக இறங்கி முழங்கால் நீராகப் பரவும் விளிம்பு அந்தக் கணக்கில் வீணான இடம். கசேருவுக்கு வாழ்விடமே அதுதான். கரைமேல் நடவேண்டிய மரங்களுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. நீருக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் என்ன வளரவேண்டும் என்பது பேசப்படவில்லை. அங்கு நிழல் தரும் ஆலமரமும் கசேருவுக்குப் பகை.

சட்டமும் இந்த இடைப்பகுதியைத் தவறவிடுகிறது. 2017 ஈரநில விதிகள் நெல்வயல்களையும், குடிநீர், பாசனம், மீன்வளர்ப்பு ஆகியவற்றுக்காக மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் தம் வரம்புக்கு வெளியே வைத்துள்ளன. கசேரு வளரும் குளங்கள் பலவும் அந்த விலக்கில் அடங்கிவிடும். ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் 2011-இல் அளித்த தீர்ப்பு மிக முக்கியமானது. எனினும் அது குளத்தின் பரப்பைக் காக்கிறதேயன்றி, அதில் கிழங்கெடுப்பவரின் உரிமை எது என்று வரையறுக்கவில்லை. மீன் குத்தகைக்கு விடப்பட்ட குளத்தில் கோரைக்கிழங்கு யாருக்கு உரியது? குத்தகைப் பத்திரத்தில் மீன் உண்டு, சில இடங்களில் சிங்காடா உண்டு. கசேரு பெயர் சொல்லப்படாமலே இருப்பதால் இதுவரை நிலமற்றவர்கள் கேட்பாரின்றி எடுத்து உண்ண முடிந்தது. பெயர் சொல்லப்பட்டால் விலை பேசப்படும்.

மக்கானா இதற்குக் கண்முன் உள்ள எடுத்துக்காட்டு. (தமிழகக் கடைகளில் தாமரை விதை என்று விற்கப்படுவது இதுவே. உண்மையில் அது தாமரையன்று. யூரியேல் என்னும் முள்ளல்லியின் விதை.) 2002-இல் தர்பங்காவில் அதற்கெனத் தேசிய ஆராய்ச்சி மையம், 2022-இல் மிதிலா மக்கானாவுக்குப் புவிசார் குறியீடு, 2025 மத்திய நிதிநிலை அறிக்கையில் தனி வாரியம் பற்றிய அறிவிப்பு என்று அதன் ஏற்றம் விரைவானது. மூச்சடக்கிக் குளத்தின் அடியிலிருந்து விதை திரட்டிவந்த மல்லா சமூகத்தாரின் கடும் உழைப்பைக் குறைக்க, ஓரடி நீருள்ள வயலில் அதைப் பயிரிடும் முறை பரப்பப்பட்டது. நல்ல நோக்கம்; நல்ல வேளாண் உத்தியும்கூட. ஆனால் வயலில் பயிரிட வயல் வேண்டும். குளத்தறிவு ஒருவரிடமும் நிலம் இன்னொருவரிடமும் இருக்கும் சமூகத்தில், குளத்திலிருந்து வயலுக்குப் பயிரை நகர்த்தும் உத்தி யார் பக்கம் சாயும் என்பதைக் கணிக்கப் பொருளியல் பட்டம் தேவையில்லை. கசேருவையும் 'சூப்பர் ஃபுட்' என்று மேடையேற்றத் துடிக்கும் ஆர்வலர்கள் இதை எண்ணிப்பார்க்கவேண்டும்.

சத்துணவு ஆர்வலர்கள் எண்ணவேண்டியது இன்னொன்றும் உண்டு. மலேசியாவில் இதே கோரை, ஈயம் போன்ற உலோகங்களையும் எண்ணெய்க் கழிவையும் நீக்கும் செயற்கை ஈரநிலங்களுக்கு ஏற்ற செடியாகப் பல்லாண்டு ஆராயப்பட்டுள்ளது. மாசை உறிஞ்சுவதில் அதன் திறமை பாராட்டப்படும் அதே வேளையில், நகரக் கழிவுநீர் கலக்கும் குளங்களில் விளைந்த கிழங்கு சந்தைக்கு வருகிறது. இரண்டு ஆய்வு மரபுகளும் ஒன்றையொன்று வாசிப்பதில்லை. பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் நீர்த்தாவரங்களைப் பச்சையாக உண்பதால் குடற்புழு நோய் பரவுவதும் அறியப்பட்ட உண்மை. குளத்துக் கிழங்கை நன்கு கழுவி, தோலுரித்து, வேகவைத்து உண்பதே பாதுகாப்பு. கிழங்கில் சேர்ந்த உலோகம் வேகவைத்தால் போகாது. அதற்குக் குளத்தைத்தான் திருத்தவேண்டும்.

இவற்றையெல்லாம் காட்டி ஆய்வே வேண்டாம் என்பது வாதமன்று. கேட்கப்படும் கேள்விகளின் வரிசை மாறவேண்டும் என்பதே வாதம். அதிக விளைச்சல் தரும் வகையைத் தேர்வதற்கு முன், தோண்டிய பாத்தியையும் தோண்டாத பாத்தியையும் ஒரே குளத்தில் அருகருகே அமைத்து மூன்று பருவங்கள் அளந்தால் போதும். ஹில்மனின் கருத்து கசேருவுக்குப் பொருந்துமா என்பது தெரிந்துவிடும். இதற்குப் பெருநிதி தேவையில்லை. ஒரு முனைவர் பட்ட மாணவரின் காலத்துக்குள் அடங்கக்கூடிய வேலை. ஒரே குளத்தின் சேறு, தாள், கிழங்கு ஆகிய மூன்றிலும் ஈயத்தையும் காட்மியத்தையும் அளந்து, எந்தக் குளத்துக் கிழங்கை உண்ணலாம், எதை உண்ணக்கூடாது என்று ஊராட்சிக்கு எழுதிக்கொடுக்கலாம். தாவரவியல் மாணவர் உலர்மாதிரி திரட்டும் அதே நாளில் சமூகவியல் மாணவர் அந்தக் குளத்தின் குத்தகைப் பத்திரத்தையும் வாங்கிப் பார்க்கலாம். அமிர்த சரோவர் போன்ற திட்டங்களின் வரைபடத்தில் குளத்தின் ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விடவேண்டும் என்று கேட்பதற்கு அந்த மூன்று ஆவணங்களும் சேர்ந்தே பயன்படும். அக்கோரிக்கையோடு, அந்தச் சரிவில் கிழங்கெடுப்போர் யார், எந்த மாதத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்ற பெயர்ப்பட்டியலும் ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தில் ஏறவேண்டும். அடுத்த ஏலத்துக்கு முன்பே அது நடக்கவேண்டும்.